ஓட்டைக் காலணா என்ன விலை, ஸார்?

சென்னை எழும்பூர் பக்கம் அவ்வப்போது நாணயக் கண்காட்சி நடக்கும். இடம், பெரும்பாலும் ஏதாவது ஒரு மண்டபம். முந்தின நாள் கல்யாணத்துக்குக் கட்டிய வாழைமரம் வாசலில் தொங்கிய முகத்தோடு நிற்கும். உள்ளே போனால் வரிசையாக மேஜைகள். வெள்ளைத் துணி விரிப்பு. மேஜை மேல் பழைய காசு, பழைய நோட்டு, பழைய தபால்தலை. மேஜைக்குப் பின்னால்... ஹி... ஹி... பழைய ஆசாமிகள். பித்தளையும் அந்துருண்டையும் கலந்த மாதிரி ஒரு வாசனை. டிக்கெட் கிடையாது. ஏ.ஸி. உண்டு. இந்த இரண்டு காரணங்களுக்காகவே உள்ளே வருகிறவர்கள் கணிசம்.

நாமெல்லாம் இந்த மாதிரி இடத்துக்குப் போனால் மேஜைக்கு முன்னால் நிற்பதுதான் வழக்கம். எனக்கு மூன்று நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கும் யோகம் அடித்தது. காரணம், என் சித்தப்பாவின் வலது கண்.

சித்தப்பா சர்க்கார் உத்தியோகத்தில் ரிடையர் ஆனவர். நாற்பது வருஷமாகக் காசு சேர்க்கிறவர். சேர்த்தது போக மிச்சத்தை விற்கிறவர். தொழில் பழகியது பழைய மூர் மார்க்கெட்டில். 1985 மே மாதம் அது எரிந்து போன கதையை அவர் ஆரம்பித்தால், சித்தி காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். சமீபத்தில் அவருக்குப் புரை ஆபரேஷன். கறுப்புக் கண்ணாடி.

"காசு தெரியுதுடா. அதுல போட்டிருக்கிற வருஷம்தான் தெரிய மாட்டேங்குது. மூணு நாள் லீவு போட்டுட்டு வா" என்றார்.

ஆபீஸில், "சொந்தத்துல ஒரு விசேஷம், ஸார்... மண்டபத்துல" என்றேன். பொய்யில்லையே!

கண்காட்சி பத்து மணிக்கு என்று போர்டு. ஆனால் நிஜக் கண்காட்சி எட்டரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கே முடிந்துவிடுகிறது. வியாபாரிகள் ஒருத்தர் மேஜையை ஒருத்தர் மேய்கிறார்கள். கரூர்க்காரர் மதுரைக்காரரிடம் வாங்கி, அதைக் கொல்கத்தாக்காரரிடம் தள்ள, பத்து மணிக்குக் கதவு திறக்கும்போது அந்தக் காசு மூன்றாவது மேஜையில் மூன்றாவது விலையோடு சாதுவாக உட்கார்ந்திருக்கும். பாஷைப் பிரச்னை கிடையாது. கால்குலேட்டரில் ஒருத்தர் ஒரு எண்ணைத் தட்ட, மற்றவர் அதை அழித்துவிட்டு வேறு எண்ணைத் தட்ட, இரண்டு பேரும் துக்கம் விசாரிக்க வந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டால் போதும்.

கதவு திறந்தது. ஜனம் வந்தது. எங்கள் மேஜையைத் தாண்டி நேராகப் போனது. அரைமணி நேரம் ஈ, காக்காய் இல்லை.

"எழுந்து அந்தப் பக்கமா போய் நில்லுடா" என்றார் சித்தப்பா.

"எதுக்கு?"

"கஸ்டமர் மாதிரி குனிஞ்சு கிளறு. எதையோ தொலைச்சவன் மாதிரி தேடு."

தேடினேன். நம்ப மாட்டீர்கள்... இரண்டு நிமிஷத்தில் என் இடது தோள் பக்கம் ஒரு தலை. வலது பக்கம் இரண்டு. நாலாவது ஆள், "கொஞ்சம் தள்ளுங்க பிரதர், நாங்களும் பார்க்கணும்ல" என்று என்னையே இடித்துத் தள்ளினார். ஆள் நிற்கிற இடத்தில்தான் ஆள் நிற்கும். டீக்கடைக்கும் இதே சட்டம்தான் என்றார் சித்தப்பா.

அவர்கள் எல்லோரும் கிளறியது ஒரு பெரிய பித்தளைத் தாம்பாளம். எதை எடுத்தாலும் 20 ரூபாய். உள்ளே நாலணா, எட்டணா, அறுகோண மூணு பைசா, சதுர அஞ்சு பைசா, ஓரம் நெளிந்த பத்து பைசா, தாமரை போட்ட மஞ்சள் இருபது காசு, ஊர் பேர் தெரியாத வெளிநாட்டுச் சில்லறை எல்லாம் கூட்டாஞ்சோறாகக் கிடக்கும். எதிர் மேஜைக்காரர் இதே காசுகளை வருஷவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, அதே இருபது ரூபாய்க்கு வைத்திருந்தார். பார்க்க அழகாக இருந்தது. யாரும் கை வைக்கவில்லை. அடுக்கி வைத்தால் கடை. கொட்டி வைத்தால் புதையல்!

தினமும் காலையில் சித்தப்பா தன் பெட்டியிலிருந்து நாலைந்து நல்ல காசுகளை எடுத்துத் தாம்பாளத்தின் அடியில் செருகுவார். ஓட்டைக் காலணா, கிழக்கிந்தியக் கம்பெனி செம்புக் காசு, இப்படி.

"நஷ்டமில்லையா, சித்தப்பா?"

"ஒரு பையன் அவனே தேடி எடுத்துட்டான்னு வெச்சுக்க... ஆயுசுக்கும் விட மாட்டான். அடுத்த வருஷம் ஆல்பத்தோட வருவான்."

அப்படி வந்த ஒரு ஏழாம் கிளாஸ் பையன், டை கட்டிய ஓர் ஆபீஸருக்கு வகுப்பே எடுத்துவிட்டான். "அங்கிள், வருஷத்துக்குக் கீழே பாருங்க. டைமண்ட் இருந்தா மும்பை. நட்சத்திரம்னா ஹைதராபாத். புள்ளின்னா நொய்டா. ஒண்ணுமே இல்லேன்னா கொல்கத்தா." ஆபீஸர் தன் பாக்கெட் சில்லறையை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார். அரைமணி நேரம் நகரவில்லை. (நீங்களும் இப்போது பாக்கெட்டைத் துழாவுகிறீர்கள்தானே?)

ஒரு இளம் அப்பா, தன் அஞ்சு வயசுப் பெண்ணுக்கு நாலணாவைக் காட்டினார். 2011 ஜூன் 30-உடன் செல்லாமல் போன காசு. "அப்பா சின்னப் பையனா இருக்கறப்ப இதைக் குடுத்தா தேன்மிட்டாய் தருவாங்க, குட்டி" என்றார் கண் பளபளக்க. குட்டி கேட்டது: "ஏம்ப்பா, அங்க ஜி-பே இல்லையா?"

விலை கேட்பதில் ஒரு நாடகம் உண்டு. வேண்டிய காசை முதலில் கேட்கவே மாட்டார்கள். விக்டோரியா ரூபாய்க்கு ஆசைப்பட்டு வந்தவர் முதலில் ஐந்தாம் ஜார்ஜை விசாரிப்பார். அப்புறம் ஆறாம் ஜார்ஜ். அப்புறம் புலி போட்ட இரண்டு ரூபாய் நோட்டு. திரும்பிப் போகிற மாதிரி ஓர் அடி எடுத்து வைத்துவிட்டு, "சும்மா கேக்கறேன்... இந்தக் கிழவி என்ன விலை?" சித்தப்பாவுக்கு முகம் சரியாகத் தெரியாது. ஆனால் "சும்மா" என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஐம்பது ரூபாய் ஏற்றித்தான் சொல்வார்.

எண்ணூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டு, "பில்லுல எண்பதுன்னு போடுங்க, ஸார். வீட்ல பார்ப்பா" என்றவர்கள் முதல் நாளே மூன்று பேர். சித்தப்பா பில்லே கொடுக்காமல் ஒரு பெருமூச்சு மட்டும் விட்டார். அவருக்கும் வீட்டில் சித்தி இருக்கிறாள்.

2022-ல் 'பொன்னியின் செல்வன்' படம் வந்த பிறகு ராஜராஜன் காசு கேட்டு வருகிற இளைஞர்கள் அதிகமாம். செம்புக் காசுதான். ஒரு பக்கம் நிற்கிற மனிதர், மறுபக்கம் உட்கார்ந்த மனிதர், கை பக்கத்தில் எழுத்து. நிறையக் கிடைத்திருப்பதால் விலையும் நம் கைக்கு எட்டும். ஆயிரம் வருஷத்துக் காசு, ஒரு பீட்ஸாவைவிட மலிவு! வாங்கிப் பார்த்த ஒருவர் முகம் சுருங்கியது.

"என்ன ஸார், எழுத்து தமிழ் மாதிரி இல்லையே?"

"நாகரி எழுத்து தம்பி. ராஜராஜன்னு போட்டிருக்கு."

"தமிழ் ராஜா ஏன் ஸார் நாகரில போட்டாரு?"

"அடுத்த தடவை பார்க்கறப்ப கேட்டுச் சொல்றேன்" என்றார் சித்தப்பா.

ஒரு மாமி, மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்துப் பிரித்தார். உள்ளே ஆறு வெள்ளி ரூபாய், பளபளவென்று, நேற்றுப் பிறந்த மாதிரி! "புளி போட்டு ஊறவெச்சு, சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கொண்டு வந்திருக்கேன். எடுப்பா இருக்கோன்னோ?" சித்தப்பா விரலால் தடவிப் பார்த்தார். ராஜாவின் மூக்கு பாதி போயிருந்தது. சேகரிப்பவர்களுக்கு அந்தக் கறுப்புதான் அழகு. தேய்த்த காசுக்கு வெள்ளி விலைதான். அதிலும் ஒரு விவகாரம். நான் சின்னக் காந்தத்தைக் காட்டியதும் ஆறில் இரண்டு ஓடிவந்து ஒட்டிக்கொண்டன. வெள்ளி ஒட்டாது, நிக்கல் ஒட்டும். உலக யுத்தக் காலத்தில், 1940-லேயே ரூபாயில் வெள்ளி பாதியாகிவிட்டது. 1947-ல் வந்த ரூபாய் முழு நிக்கல். மாமி நம்பவில்லை. "எங்க மாமியார் கொடுத்ததுன்னா!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "கொடுத்தாலும் கொடுத்திருப்பா" என்று பையைக் கட்டிக்கொண்டு போனார்.

நம் ஜாதி, அதாவது ஆபீஸ் போகிற வாலிபர்கள், பெரும்பாலும் தேடி வருவது பிறந்தநாள் நோட்டு. ரூபாய் நோட்டின் எண்ணில் ஆறு இலக்கம் இருக்கிறதல்லவா? 140299 என்று வந்தால் 1999 பிப்ரவரி 14-ல் பிறந்தவருக்கு அது பொக்கிஷம். பத்து ரூபாய் நோட்டை முந்நூறு ரூபாய்க்கு வாங்கிப் பரிசாகக் கொடுக்கலாம். (கொடுத்தால் செலவு செய்துவிடக் கூடாது, அதுதான் கஷ்டம்.) ஒரு தம்பி, தேதி சொன்னார், மாதம் சொன்னார்.

"வருஷம்?"

"அது தெரியாது, ஸார்."

"கேட்டுட்டு வாங்களேன்."

"கேட்டா கோவிச்சுக்கும், ஸார்." கடைசியில் மூன்று வருஷத்துக்கும் மூன்று நோட்டு வாங்கிக்கொண்டு போனார். நல்லபடியாக முடிந்திருக்கும் என்று நம்புவோம்.

இதெல்லாம் ஜாலி. ஜாலியில்லாத ஒரு கூட்டமும் வருகிறது. பத்துப் பேரில் இரண்டு மூன்று பேர் வாங்க வரவில்லை, விற்க வருகிறார்கள். செல்போனில் ஒரு வீடியோவை ஓடவிட்டு நம் மூக்குக்கு நேராக நீட்டுகிறார்கள். "வைஷ்ணோதேவி படம் போட்ட அஞ்சு ரூபாய், பத்து லட்சமாம். எங்கிட்ட ரெண்டு இருக்கு." அந்தக் காசு 2012-ல் நினைவு நாணயமாக வந்தது. எங்கள் தாம்பாளத்திலேயே கிடந்தது, 20 ரூபாய்க்கு! அதை எடுத்துக் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாமோ? கோபம் வருகிறது. "உங்களுக்கு விஷயம் தெரியல" என்று அடுத்த மேஜைக்குப் போகிறார்கள். விற்பது சுலபம்; 'உங்கள் காசுக்கு விலை இல்லை' என்று சொல்வதுதான் இந்த வியாபாரத்தில் கஷ்டமான வேலை என்பது எனக்கு இரண்டாம் நாள் மத்தியானம் புரிந்தது.

சாப்பாட்டு நேரம். கூட்டம் குறைந்திருந்தது. சித்தி கட்டிக் கொடுத்த தயிர்சாதத்தைப் பிரிக்கப் போனேன். மஞ்சள் பையோடு ஒருத்தர் வந்து நின்றார். ஐம்பது வயசிருக்கும். இஸ்திரி போட்ட பழைய சட்டை. திண்டிவனம் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்தாராம். பைக்குள் ஒரு துணி, துணிக்குள் ஒரு காகிதம், காகிதத்துக்குள் ஒரு செம்புக் காசு. ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம். மறுபக்கம் ஆங்கிலத்தில் 'ஈஸ்ட் இண்டியா கம்பெனி', 'ஹாஃப் அணா', '1818'.

"எங்கம்மா பெட்டில இருந்துச்சுங்க. அம்மா போய் ஒரு வருஷம் ஆவுது. இது ஒரிஜினல்தான்னு நீங்க ஒரு கடுதாசி குடுத்தா போதும். விக்கிறதுக்கு வரலை. முப்பத்தஞ்சு லட்சத்துக்கு ஏற்கெனவே பேசி முடிஞ்சிடுச்சு."

சித்தப்பா காசைக் கையில் வாங்கவில்லை. "பேசினது யாருங்க?" என்றார்.

போனில் பேசினார்களாம். பெரிய கம்பெனியாம். பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரத்து ஐந்நூறு கட்டியாகிவிட்டது. அப்புறம் வரி என்று பன்னிரண்டாயிரம். இன்னும் ஒரே ஒரு கட்டணம், ரிசர்வ் பேங்க் சர்டிபிகேட்டுக்கு இருபத்தெட்டாயிரம். "பொண்ணு நர்ஸிங் சேர்ந்திருக்கு. சாயங்காலம் போய் வீட்டுக்காரம்மா செயினை வெச்சுடலாம்னு இருக்கேன்."

எனக்குத் தயிர்சாதம் இறங்கவில்லை. சித்தப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். ஆபரேஷன் பண்ணின கண்ணில் தண்ணீர் வடிந்தது. வெளிச்சத்தாலா, என்னவோ.

"உக்காருங்க" என்று நாற்காலியைத் தள்ளினார். தாம்பாளத்தில் கைவிட்டு ஒரு கம்பெனிக் காசை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார். 1835-ல் அடித்த காலணா. "இதான் அவன் காசு. ரெண்டு சிங்கம் நிக்குது பாருங்க, அது கம்பெனி முத்திரை. வெள்ளைக்காரன் கடை போட வந்தவன். 1818-ல மெட்ராஸுக்கு ஒரு காசு, பம்பாய்க்கு ஒரு காசு, கல்கத்தாவுக்கு ஒரு காசுன்னு தனித்தனியா அடிச்சிட்டிருந்தான். ராமர் பட்டாபிஷேகம் போட்டு அரையணா அடிக்கவே இல்லீங்க. உங்க கையில இருக்கறது சாமி வில்லை. பூஜையில வைக்கறது."

"அப்ப அவங்க ஏன் ஸார் முப்பத்தஞ்சு லட்சம்னு சொன்னாங்க?"

"காசைப் பார்த்துச் சொல்லலீங்க. உங்களைப் பார்த்துச் சொல்லியிருக்கான்."

அவர் நம்பவில்லை. நம்பியிருந்தால் பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாயையும் மறந்தாக வேண்டுமே! காசை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேஜையாகப் போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டு மேஜை. எட்டுப் பேரும் தலையாட்டினார்கள். ஒன்பதாவது ஆசாமி, பாவம் பார்த்தோ என்னவோ, "நூறு ரூபாய் தரேன், வெச்சுட்டுப் போங்க" என்று சொல்லித் தொலைத்தார். திரும்பி வந்தபோது இவர் முகத்தில் மறுபடி வெளிச்சம். "விலை இல்லாததுக்கு ஏன் ஸார் நூறு ரூபாய் தரேங்கறாரு?"

இனி வாயால் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று சித்தப்பா முடிவு செய்திருக்க வேண்டும். எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். யார் யாரைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றே தெரியாத மாதிரி இரண்டு பேரும் நடந்தார்கள். கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேஜை. அங்கே பிளாஸ்டிக் டப்பில் குவியலாகக் கிடந்தது. 'ராமர் காசு, 60 ரூபாய்.'

அவர் ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். அதே சிம்மாசனம். அதே 1818. அனுமார் வாலுக்குக் கீழே அவர் காசில் ஒரு சின்னக் கீறல் இருந்தது. எல்லாவற்றிலும் அதே இடத்தில் அதே கீறல். ஒரே அச்சு. அரிசி வாங்கும்போது கைவிட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி டப்புக்குள் கையை விட்டு ஒரு தடவை அளைந்தார்.

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டுச் சித்தப்பாவிடம் நீட்டினார். சித்தப்பா காதில் வைத்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "பணம் ரெடிங்க. ஒரு சின்ன உதவி. நீங்க தரப்போற முப்பத்தஞ்சு லட்சத்துல அந்த இருபத்தெட்டாயிரத்தைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தை அனுப்பிடுங்களேன்." அந்தப் பக்கம் 'ரூல்ஸ்', 'டிபார்ட்மெண்ட்' என்று ஏதோ குரல் கேட்டது. அப்புறம் கட்.

இந்த மாதிரி பழைய காசு வாங்குகிறேன் என்று தன் பெயரைச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் அறிக்கை விட்டிருக்கிறது. பழைய காசு வாங்கி விற்பது அதன் வேலையே இல்லை. அந்த அறிக்கையை என் போனில் எடுத்துக் காட்டினேன். பணம் பறிகொடுத்தால் சைபர் போலீஸுக்கு 1930 என்ற எண். அதற்கு அங்கேயே போட்டுக் கொடுத்தேன். புகாரைக் குறித்துக்கொண்டார்கள். பணம் திரும்புமா என்பது வேறு விஷயம்.

அவர் ரொம்ப நேரம் எங்கள் மேஜைக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்திருந்தார். பாதித் தயிர்சாதத்தைக் கொடுத்தேன், சாப்பிட்டார். "அம்மா ஏதாச்சும் கோயில் வாசல்ல வாங்கியிருக்கும்" என்றார் தனக்குத்தானே. ராமரைப் பழையபடி காகிதத்தில் மடித்து, துணியில் சுற்றி, பைக்குள் பத்திரமாக வைத்தார். முப்பத்தஞ்சு லட்சமாக இருந்தபோது எப்படிச் சுற்றியிருந்தாரோ, அப்படியே.

கிளம்பும்போது கை தன்னிச்சையாகத் தாம்பாளத்துக்குள் போனது. எல்லோருக்கும் போகிறதே, அந்த மாதிரி. கிளறினார். நின்றார். விரல்களுக்கு நடுவில் ஓர் ஓட்டைக் காலணா, 1944.

"எங்கப்பா இதைத்தான் அரைஞாண் கயித்துல கோத்துக் கட்டியிருந்தாராம். அம்மா சொல்லும்" என்றார். ஓட்டை வழியாக ட்யூப்லைட்டைப் பார்த்தார். "என்ன விலைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா என் தொடையைத் தட்டினார்.

"இருபது ரூபாய்" என்றார்.

அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீவிக் கொடுத்தார். சித்தப்பா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கல்லாவாக வைத்திருந்த பிஸ்கட் டப்பாவில் போட்டார். காசுக்குச் சின்ன பிளாஸ்டிக் உறை ஒன்றும் கொடுத்தார். மற்ற கஸ்டமர்களுக்குக் கொடுப்பதைப் போலவே.